அணுமின் நிலையத்தில் சம்பவ அறிக்கை: கண்ணில் பட்டதிலிருந்து கோப்பு மூடும் வரை

1979 மார்ச் 28, விடிகாலை 4 மணி. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் இரண்டாம் அலகின் உலை டிரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது. அழுத்தம் ஏறியதால் திறந்த ஒரு நிவாரண வால்வு, அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். வால்வைத் திறந்து பிடித்திருக்கும் மின்சுருளுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட்டது என்பதைத்தான் அந்த விளக்கு சொன்னது. வால்வு எங்கே நிற்கிறது என்பது விளக்குக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த வழியே குளிர்விப்பு நீர் போய்க்கொண்டே இருந்தது. உலையின் மையப்பகுதி ஏறத்தாழ பாதி உருகியது.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. அதற்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன், 1977 செப்டம்பர் 24 அன்று, அமெரிக்காவின் இன்னொரு நிலையமான டேவிஸ்-பெஸ்ஸிலும் இதே வேலையைச் செய்யும் வால்வு இதே மாதிரி திறந்தே நின்றது. அன்று உலை 9 சதவீதத் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் போல ஆனதும் கண்டுபிடித்து வழியை அடைத்துவிட்டார்கள். உலையை வடிவமைத்த நிறுவனத்துக்குள்ளேயே பொறியாளர்கள் எச்சரித்துக் குறிப்பும் எழுதினார்கள். த்ரீ மைல் ஐலண்டில் ஷிப்டில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது, எழுதியது தேவைப்படுகிற ஆளிடம் போய்ச் சேர்வது: சம்பவ அறிக்கையில் இந்த இரண்டும்தான் வேலை. கீழே உள்ள படிகள் பெரும்பாலான நாடுகளின் நடைமுறைக்குப் பொருந்தும். கால வரம்புகளும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறும், அவற்றை உங்கள் நிலையத்தின் நடைமுறைப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதலில்: எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

உலை டிரிப், பாதுகாப்பு அமைப்பு தானாக இயங்கியது, தீ, எதிர்பாராத கதிர்வீச்சு, அனுமதித்த அளவை மீறிய வெளியேற்றம், இயக்க வரம்புகளையும் நிபந்தனைகளையும் மீறியது. இவற்றைச் சொல்ல வேண்டுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சந்தேகம் வருவதெல்லாம் சின்ன விஷயங்களில்தான். சோதனையில் ஒரு பம்ப் இரண்டாவது முயற்சியில்தான் ஓடியது. தவறான வால்வில் கை வைத்து, திருப்புவதற்கு முன் பெயர்ப்பலகையைப் பார்த்து நிறுத்திக்கொண்டீர்கள். ஒரு நடைமுறையின் ஏழாவது படி நடைமுறையில் செய்யவே முடியாததாக இருக்கிறது, எல்லோரும் அதைத் தாண்டிப் போகிறார்கள். இவை எல்லாமே எழுத வேண்டியவை.

ஏன் என்பதற்கும் டேவிஸ்-பெஸ்ஸையே பார்க்கலாம். 1999 வாக்கில் அங்கே உலைக் கட்டடத்தின் காற்றைச் சோதிக்கும் கருவிகளின் வடிகட்டிகளில் துரு நிறப் பொடி அடைக்கத் தொடங்கியது. வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிற வடிகட்டியை, போகப்போக ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டி வந்தது. மாற்றினார்கள். வேலை நடந்தது. 2002 மார்ச்சில் உலைக் கலனின் மூடியைப் பார்த்தபோது, குளிர்விப்பு நீரோடு கசிந்த போரிக் அமிலம் சுமார் 16, 17 சென்டிமீட்டர் தடிமனான எஃகை அரித்து ஒரு குழியே தோண்டியிருந்தது. உயரழுத்த நீரைத் தடுத்து நின்றது, உள்பக்கம் பூசியிருந்த ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துருப்பிடிக்காத எஃகு மட்டும்தான். அடிக்கடி வடிகட்டி மாற்றுவதை ஒரு பராமரிப்பு வேலையாக எடுத்துக்கொள்ளாமல், "இந்தத் துரு எங்கிருந்து வருகிறது?" என்று விடாமல் துரத்தியிருக்க வேண்டும்.

ஆகவே என் விதி இது: எழுதலாமா வேண்டாமா என்ற கேள்வி மனதில் வந்துவிட்டாலே எழுதிவிடுங்கள். வகைப்படுத்துவது அடுத்தவர் வேலை.

படி 1: வாயால் சொல்வது

காகிதம் அப்புறம். முதலில் உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவரை விலக்குங்கள், கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடுங்கள். யார் பேசுகிறீர்கள், எந்தக் கட்டடம், எந்த மட்டம், எந்தக் கருவி (எண்ணோடு), என்ன பார்த்தீர்கள், இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, யாருக்காவது அடிபட்டதா. இவ்வளவு போதும். எதிர்முனையில் இருப்பவர் நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நீங்கள் "சரி" என்று உறுதி செய்ய வேண்டும். "பம்ப் 2ஏ" என்பது "பம்ப் 2பி" என்று காதில் விழுவது எத்தனை சுலபம் என்பது இரைச்சலான டர்பைன் கட்டடத்திலிருந்து பேசியவர்களுக்குத் தெரியும்.

எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதையும் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் கேபிள்கள் சுவரைத் தாண்டும் இடத்தில் காற்றுக் கசிவைத் தேட மெழுகுவத்தியைப் பிடித்தார்கள், அடைப்பு நுரை தீப்பிடித்தது. தீ அபாய மணி ஒலிக்கச் சுமார் பதினைந்து நிமிடம் ஆனது. முதலில் தாங்களே அணைத்துவிடலாம் என்று முயன்றது ஒரு காரணம். தீயைத் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண் நடைமுறையில் ஒன்றாகவும் வேறிடத்தில் வேறாகவும் இருந்தது இன்னொன்று.

படி 2: தடயத்தைக் கலைக்காதீர்கள்

உலையைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைச் செய்தே ஆக வேண்டும். அதைத் தாண்டி எதையும் தொட வேண்டாம். ரிலேக்களின் கொடிகளை (எந்த ரிலே இயங்கியது என்று காட்டும் சின்ன அடையாளங்கள்) ரீசெட் செய்வதற்கு முன் எவை விழுந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வால்வின் கைப்பிடி நிலை, அழுத்தமானியின் முள், திரையில் இருந்த எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கட்டுப்பாட்டு அறைக் கடிகாரத்துக்கும் கணினிக்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள், பிறகு காலவரிசை போடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கணினி அச்சிடும் நிகழ்வு வரிசைப் பட்டியலை நான் தங்கம் என்றே சொல்வேன். 1983 பிப்ரவரி 25 அன்று நியூ ஜெர்சியில் உள்ள சேலம் அணுமின் நிலையத்தில், தானாக விழ வேண்டிய டிரிப் விழவில்லை. கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்து உலையை நிறுத்தும் பிரேக்கர்கள் இரண்டும் சிக்கிக்கொண்டன, ஆபரேட்டர் கையால் டிரிப் செய்தார். அதை விசாரிக்கும்போது பழைய பட்டியலைப் புரட்டினார்கள். மூன்று நாள் முன்பும், 22ஆம் தேதி, இதே பிரேக்கர்கள் தானாக விழவில்லை என்று அதில் இருந்தது. அன்று ஆபரேட்டர் கிட்டத்தட்ட அதே கணத்தில் கையால் டிரிப் செய்திருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை, உலையையும் மீண்டும் ஓட்டிவிட்டார்கள். டிரிப் ஆன பிறகு "எதனால் விழுந்தது, விழ வேண்டியதெல்லாம் விழுந்ததா" என்று பட்டியலை வரி வரியாகப் பார்க்காமல் உலையை மறுபடி தொடங்கக் கூடாது என்ற பழக்கம் இறுகியது அதற்குப் பிறகுதான்.

படி 3: பதிவேட்டில் எழுதுவது

ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம், மீதிப் படிகளுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். இரவு ஷிப்ட். அவசர டீசல் ஜெனரேட்டர் 2-க்கு மாதாந்திரச் சோதனை. இஞ்சின் கிளம்பியது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. பதிவேட்டில் இப்படி எழுதலாம்:

"02:20. டீசல் 2 சோதனையில் பிரச்சினை. ஆயில் அழுத்தம் இல்லாததால் நின்றது. பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லப்பட்டது."

இப்படியும் எழுதலாம்:

"02:14:05 டீசல் 2 தொடக்கக் கட்டளை, கட்டுப்பாட்டு அறையிலிருந்து. 02:14:14 முழு வேகம். 02:14:45 'ஆயில் அழுத்தம் குறைவு' எச்சரிக்கை, இஞ்சின் டிரிப். இஞ்சின் அருகில் இருந்த கள ஆபரேட்டர், டிரிப் ஆவதற்குச் சற்று முன் அங்குள்ள அழுத்தமானியில் 4.8 கிலோ/செ.மீ² பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னார். ஆயில் மட்டக்குச்சியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே. தரையில் கசிவு இல்லை. 02:22 ஷிப்ட் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்டது. 02:25 டீசல் 2 இயங்கத் தகுதியற்றது என அறிவித்தார்."

முதல் பதிவில் எழுதியவர் விளக்கை வால்வாக்கிவிட்டார். "ஆயில் அழுத்தம் இல்லை" என்பதை யாரும் பார்க்கவில்லை, பார்த்தது ஒரு எச்சரிக்கையை. அதைப் படிக்கும் பராமரிப்புக்காரர் காலையில் ஆயில் பம்பைக் கழற்றத் தொடங்குவார். இரண்டாவதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு தகவல்கள் அருகருகே இருக்கின்றன: எச்சரிக்கை ஒன்று சொல்கிறது, அழுத்தமானி வேறு சொல்கிறது. ஒத்துப்போகாததை ஒத்துப்போக வைத்து எழுதாதீர்கள். அந்த இடைவெளியில்தான் விடை இருக்கும்.

தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். அடித்து மறைக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பிறகு நினைவு வந்ததைப் "பின்பதிவு" என்று குறித்து, எழுதும் நேரத்தையும் நடந்த நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். கருத்து சொல்லியே ஆக வேண்டுமென்றால் "என் ஊகம்" என்று தொடங்குங்கள், தப்பில்லை.

படி 4: ஷிப்ட் பொறுப்பாளரின் தீர்ப்பு

இப்போது பந்து ஷிப்ட் பொறுப்பாளரிடம். உலை பாதுகாப்பாக இருக்கிறதா, கெட்டுப்போன கருவிக்கு மாற்று இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கிறார். டீசல் 2 போனதும் இயக்க நிபந்தனைகளின்படி ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குறித்த காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் உலையை நிறுத்த வேண்டும். அந்தக் கடிகாரம் கோளாறு தெரிந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, கூட்டம் போட்டு ஒப்புக்கொண்ட நேரத்திலிருந்து அல்ல. சிலர் இங்கேதான் "காலையில் உறுதி செய்துகொள்ளலாம்" என்று நழுவுவார்கள். அது வேண்டாம்.

பிறகு, யாருக்கு எத்தனை நேரத்துக்குள். அளவு புரிவதற்கு அமெரிக்க விதிகளைச் சொல்கிறேன். அவசரநிலை அறிவித்தால் மாநில, உள்ளூர் நிர்வாகத்துக்கு 15 நிமிடத்துக்குள், அணு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அதற்கடுத்து உடனே, எப்படியும் 1 மணி நேரத்துக்குள். மற்றவற்றில் சிலவற்றுக்கு 4 மணி நேரம், சிலவற்றுக்கு 8 மணி நேரம். எழுத்து மூலமான விரிவான அறிக்கைக்கு 60 நாள். மற்ற நாடுகளில் எண்கள் மாறினாலும் உடனடித் தொலைபேசி, பொறுமையான எழுத்து என்ற இரட்டை அமைப்பு பெரும்பாலும் இதேதான்.

அவசரநிலையை அறிவிக்கும் அதிகாரம் அந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவருடையது. நிலைய இயக்குநர் தூக்கத்திலிருந்து எழுந்து சம்மதிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

படி 5: ஒழுங்குமுறை ஆணையத்துக்கு முதல் அழைப்பு

படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். நிலையம், அலகு, நடந்த நேரம், தெரிந்த நேரம் (இரண்டும் வேறு வேறு), உலையின் திறன் முன்பும் இப்போதும், என்ன நடந்தது, எந்தப் பாதுகாப்பு அமைப்பு இயங்கியது, எது இயங்கவில்லை, வெளியேற்றம் உண்டா, ஊழியர் யாருக்காவது கதிர்வீச்சு உண்டா, அடுத்து என்ன செய்கிறீர்கள். தெரியாததைத் "தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக எனக்குத் தெரிந்து யாரும் கோபித்துக்கொண்டதில்லை. முதல் அழைப்பில் நிம்மதியூட்டும் விதமாகச் சொல்லி, மூன்று மணி நேரம் கழித்து அதை மாற்றினால்தான் சிக்கல். பேசியவர் பெயர், நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுதி முடியுங்கள்.

படி 6: எழுத்து அறிக்கை

நம் டீசலுக்கு வருவோம். காலையில் கருவியியல் பிரிவினர் பார்த்தபோது, ஆயில் அழுத்த ஸ்விட்சுக்குப் போகும் சின்னக் குழாயின் வால்வு மூடியே கிடந்தது. ஆறு நாள் முன்பு ஸ்விட்சை அளவுதிருத்தம் செய்தவர்கள் திரும்பத் திறக்கவில்லை. ஆயில் அழுத்தம் நன்றாகவே இருந்திருக்கிறது, ஸ்விட்சுக்குத்தான் தெரியவில்லை. வால்வைத் திறந்து மறுபடி சோதித்தார்கள், ஓடியது.

இங்கே நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர். நல்ல அறிக்கை பின்னோக்கி ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் கருவி எப்போதிலிருந்து தகுதியற்று இருந்தது? ஆறு நாளாக. அந்த ஆறு நாளில் டீசல் 1 எப்போதாவது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டதா? பதிவேட்டைப் புரட்டினால், மூன்றாம் நாள் ஐந்து மணி நேரம் நிறுத்தப்பட்டிருக்கிறது. இரண்டு டீசல்தான் உள்ள அலகு என்றால், அந்த ஐந்து மணி நேரமும் வெளி மின்சாரம் போயிருந்தால் கைகொடுக்க எதுவுமே இல்லை. ஒரு மாதாந்திரச் சோதனைக் கோளாறு சட்டென்று ஆணையத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய பாதுகாப்புச் சம்பவமாகிவிட்டது. இந்த விஷயம் தெரிந்த நேரத்திலிருந்து புதிய கால வரம்பு தொடங்குகிறது.

அறிக்கையின் உடல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சுருக்கம், தொடக்க நிலை, நொடிக்கணக்கில் காலவரிசை, பாதுகாப்பு விளைவு, காரணம், இதே கோளாறு வேறெங்கும் இருக்கிறதா, திருத்த நடவடிக்கை, இதற்குமுன் நடந்த ஒத்த சம்பவங்கள். அங்கே இல்லாதவருக்காக எழுதுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். நிலையத்துக்குள் மட்டும் புழங்கும் செல்லப்பெயர்கள், சுருக்கெழுத்துகள் வேண்டாம். செயப்பாட்டு வாக்கியங்களில் ஆளை மறைக்காதீர்கள்: "வால்வு திறக்கப்படவில்லை" என்றால் யார் திறக்க வேண்டியிருந்தது? பெயர் தேவையில்லை, பொறுப்பைச் சொல்லுங்கள்.

காரணம் என்ற இடத்தில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று எழுதி வந்த அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அது காரணம் ஆகாது, விசாரணை தொடங்க வேண்டிய இடம். அளவுதிருத்தத் தாளில் "வால்வு திறக்கப்பட்டது" என்பதும் இன்னும் மூன்று வேலைகளும் ஒரே கையெழுத்துக்குக் கீழே இருந்தனவா? இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கும் படி இருந்ததா? கைப்பிடியைப் பார்த்தால் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியுமா? இஞ்சின் நிற்கும்போது அந்த எச்சரிக்கை தடுத்துவைக்கப்பட்டிருப்பதால்தான் ஆறு நாளும் பலகை அமைதியாக இருந்தது என்றால், வேலை முடிந்ததும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஏன் யாரும் எழுதவில்லை? திருத்த நடவடிக்கை இந்தக் கேள்விகளிலிருந்து வர வேண்டும். "சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது" என்ற வரியால் எந்த வால்வும் திறந்ததில்லை.

படி 7: ஐஎன்இஎஸ் எண்

ஐஎன்இஎஸ் என்பது அணு சம்பவங்களின் தீவிரத்தைச் சொல்லும் சர்வதேச அளவுகோல். பத்திரிகைகள் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். சர்வதேச அணுசக்தி முகமையும் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் அணுசக்தி முகமையும் 1990இல் இதைக் கொண்டுவந்தன. 1 முதல் 3 வரை சம்பவம், 4 முதல் 7 வரை விபத்து. பாதுகாப்பு முக்கியத்துவம் இல்லாதவை 0. மக்களுக்கும் சூழலுக்கும் என்ன ஆனது, நிலையத்துக்குள் கதிர்வீச்சுத் தடுப்புகளுக்கு என்ன ஆனது, அடுக்கடுக்கான பாதுகாப்பில் எவ்வளவு போனது என்று மூன்று கோணத்திலும் பார்த்து, அதிகமாக வருவதை எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தீவிரம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடுவதாகக் கணக்கு. 1999இல் ஜப்பானின் டோக்காய்முராவில் நடந்தது 4, த்ரீ மைல் ஐலண்ட் 5, செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் 7. மட்டம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் 24 மணி நேரத்துக்குள் சர்வதேச அணுசக்தி முகமைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உறுப்பு நாடுகளின் ஏற்பாடு.

முதல் எண் தற்காலிகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஃபுகுஷிமா டாய்ச்சியின் அலகுகளுக்கு 2011 மார்ச் 18 அன்று 5 என்றார்கள், ஏப்ரல் 12 அன்று 7 ஆனது. எண்ணை வைத்து அவசர நடவடிக்கையை முடிவு செய்யவும் கூடாது. அது பொதுமக்களுக்குப் புரியவைப்பதற்கான கருவி, அவ்வளவுதான்.

படி 8: மேலே போக வழி இல்லையென்றால்

மேலதிகாரி "இதையெல்லாம் எழுத வேண்டாம்" என்றால்? முதலில் அவரையே "எழுத வேண்டாம் என்பதற்குக் காரணத்தை எழுதித் தர முடியுமா" என்று கேளுங்கள், பாதி விவகாரம் அங்கேயே முடியும். முடியாவிட்டால் தர உறுதிப் பிரிவு, பாதுகாப்புக் குழு, பெயர் சொல்லாத புகார்ப்பெட்டி, கடைசியாக நேரே ஒழுங்குமுறை ஆணையம். பெரும்பாலான நாடுகளில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் ஆவணங்களை ஒழுங்காகத் தேதிவாரியாக வைத்திருப்பதுதான் உங்களுக்கு நிஜப் பாதுகாப்பு.

பாதுகாப்பு எப்போதும் வேலை செய்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் டெப்கோ என்ற மின் நிறுவனம் பல ஆண்டுகளாக ஆய்வுப் பதிவுகளைத் திருத்தி வந்தது 2002 ஆகஸ்டில் வெளியே வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஆய்வு வேலையில் இருந்த ஒருவர் அரசுக்குத் தகவல் கொடுத்திருந்தார். தகவல் கொடுத்தவர் யார் என்பதை ஒழுங்குமுறை அமைப்பே நிறுவனத்திடம் சொல்லிவிட்டது. 2003 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் 17 உலைகளும் ஆய்வுக்காக நின்றன. ஆணையத்துக்கு எழுதுமுன், உங்கள் பெயரை எப்படிக் கையாள்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 9: மற்ற நிலையங்களுக்கு

1983இல், அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்தின் தொடக்கச் சோதனைகளில் ஒரு விஷயம் தெரிந்தது: ஆர்பிஎம்கே என்ற சோவியத் வகை உலையில், அணுப்பிளவை அடக்க வேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கத் தொடங்கும் கணத்தில், சில நிலைமைகளில் வினைத்திறன் (அணுப்பிளவு பெருகும் போக்கு) குறைவதற்குப் பதில் கூடுகிறது. தகவல் மற்ற நிலையங்களுக்கும் போனது. தண்டுகளையும் மாற்றவில்லை, ஆபரேட்டர்கள் கைவசம் வைத்திருந்த நடைமுறைகளிலும் அது ஏறவில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று அதே வகை உலை இருந்த செர்னோபிலில், தண்டுகளை இறக்கும் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார்கள்.

இன்று சர்வதேச அணுசக்தி முகமை நடத்தும் சர்வதேச அறிக்கை அமைப்பு இருக்கிறது, அணுமின் நிலையங்களை இயக்கும் நிறுவனங்கள் 1989இல் தொடங்கிய உலகச் சங்கமான வானோ இருக்கிறது. அறிக்கைகள் வந்து குவிகின்றன. அதனால் பகிரும்போது ஒன்று செய்யுங்கள்: தலைப்பில் நிலையத்தின் பெயரை முன்னால் போடாமல் கோளாறைப் போடுங்கள். "அளவுதிருத்தத்துக்குப் பின் மூடிக் கிடந்த கருவி வால்வால் டீசல் ஆறு நாள் தகுதியற்று இருந்தது" என்றால் வேறு ஏதோ ஒரு நாட்டில் கருவியியல் பிரிவில் இருப்பவர் நின்று படிப்பார். வருகிற அறிக்கைகளைப் படிக்கவும் ஒரு ஆளைப் போடுங்கள், "நம்மிடம் இது நடக்குமா" என்ற ஒரே கேள்விக்கு அவர் கையெழுத்திட்டுப் பதில் எழுத வேண்டும்.

கோப்பை மூடுமுன்

முதலில் தகவல் சொன்னவருக்கு முடிவைச் சொல்லுங்கள். அழுத்தமானியில் 4.8 பார்த்த கள ஆபரேட்டருக்கு, அவர் சொன்ன அந்த ஒரு எண்ணால்தான் ஆயில் பம்பைக் கழற்றாமல் விட்டார்கள் என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

திருத்த நடவடிக்கை முடிந்தது என்று கணினியில் குறிப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. டீசல் 2 அறையில் அந்தச் சின்ன வால்வுக்கு மாட்டிய நிலைகாட்டித் தகடு இன்னும் அங்கே தொங்குகிறதா, அதன்மேல் யாராவது பெயின்ட் அடித்துவிட்டார்களா, டீசல் 1 அறையிலும் ஒன்று மாட்டினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.